வடமாநிலப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் என் மகளின் படிப்பு பின்தங்குமா?

திருப்பூரில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் உங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வகுப்பிலுள்ள 34 பேரில் 15 பேர், பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகார், ஒடிசா, வங்கப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஆசிரியர் அவர்களுக்காகப் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்தினால் மகளின் படிப்பு பின்தங்குமா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆண்டு விழா மேடையில் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பேசினார்களே, அப்படி ஒன்று உண்மையில் நடக்கிறதா என்பது இரண்டாவது. இந்தக் காரணத்துக்காக மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது தவறாகுமா என்று நீங்கள் கேட்காமல் கேட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

நான் 29 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவற்றில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் திருப்பூர்ப் புறநகரில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கழிந்தன. நான் சேர்ந்த ஆண்டில் அங்கே வடமாநிலப் பிள்ளை ஒரே ஒருவன்தான். நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களே இருந்தார்கள். ஆகவே இனி வருவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நான் கண்ணால் கண்டதையும், அதற்குத் துணையாகப் படித்ததையும் வைத்துச் சொல்வது. உயர்நிலைப் பள்ளியில் நிலைமை வேறாக இருக்கலாம். இதை அங்கே அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதல் கேள்வியில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் பெருகியபோது, உங்களுக்கு வந்த இதே கவலை அங்கும் வந்தது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மேலோட்டமாகப் பார்த்தால் அத்தகைய பள்ளிகளில் மதிப்பெண் குறைவாகத் தோன்றினாலும், பள்ளிகளுக்கிடையே ஏற்கெனவே இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை என்று கண்டது. ஆனால் அந்நாட்டு வகுப்பறையும் நம் வகுப்பறையும் ஒன்றல்ல. அங்கே துணை ஆசிரியர் இருப்பார். இங்கே பல பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. எனவே நீங்கள் பள்ளியில் முதலில் கேட்க வேண்டியது 'இந்திக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்' என்பதை அல்ல. 'மூன்றாம் வகுப்புக்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைக்கிறார்களா' என்பதைத்தான். என் அனுபவத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பின்தங்கிய ஆண்டுகள் எல்லாம் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டுகளே. வெளியூர்ப் பிள்ளைகள் அதிகமாகச் சேர்ந்த ஆண்டுகள் அல்ல. இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு பள்ளியின் கதையாக மட்டும் கொள்ளுங்கள்.

ஆசிரியர் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்துகிறார் என்பதிலும் ஒரு சிறு திருத்தம் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, ஒரே வகுப்பில் மூன்று வகைச் செயல்பாடுகள் நடக்கின்றன. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக வந்த ஏற்பாடு அது. வெளிமாநிலப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் அவர்களுக்கு அது பொருந்திவிட்டது. 'மலர்' நிலையில் இருக்கும் உங்கள் மகள், 'அரும்பு' நிலையில் இருப்பவனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே அதன் கணக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சொந்த ஊரில் நான்காம் வகுப்பு வரை படித்து, வகுத்தல் கணக்கை மளமளவென்று போடும் பையனைத் தமிழ் எழுத்து தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கிலும் அரும்பில் உட்கார வைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாததும் பாடம் தெரியாததும் வேறு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம்தான் இந்த வகுப்பறைகளில் நடக்கும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் வடமாநிலப் பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, அவர்களில் மூன்று ஆண்டுகளாக இங்கேயே இருந்த ஒரு பையனை மொழிபெயர்ப்பாளன் ஆக்கினேன். நான் சொல்வதை அவன் திரும்பிச் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆண்டிறுதியில் பார்த்தால் மற்ற ஐவரும் என்னிடம் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசப் பழகவில்லை. அந்தப் பையனோ, பிறருக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததில், தன் நோட்டில் பாதியை எழுதாமல் விட்டிருந்தான். அடுத்த ஆண்டு ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் அல்லது இருவர் என்று கலந்து உட்கார வைத்தேன். முதல் மாதம் இரைச்சல் தாங்கவில்லை. பிறகு பிள்ளைகளே தங்களுக்குள் வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். உங்கள் மகளின் வகுப்பில் அவர்கள் தனி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களா, கலந்திருக்கிறார்களா என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். ஆண்டு விழாப் பேச்சைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இந்தப் பிள்ளைகள் தமிழ் கற்கும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெற்றோர்க்கு வரும் தவறான எண்ணங்கள் பலவும் இங்கிருந்துதான் வருகின்றன. முதலாவது, எல்லாரும் 'இந்திக்காரர்' அல்லர். பீகாரிலிருந்து வருபவர் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ மகஹியாகவோ இருக்கும். ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகளில் சிலருக்குத் தாய்மொழி சந்தாலி. இவர்களில் சிலருக்கு இந்தியே பள்ளியில் கற்ற இரண்டாம் மொழிதான். இரண்டாவது, அவர்களுடைய பிழைகள் மந்தத்தால் வருபவை அல்ல. தாய்மொழியின் இலக்கணம் தமிழுக்குள் வந்து உட்காருவதால் வருபவை. ஒரு நாள் காலையில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், நாளைக்கு நான் ரேஷன் கடைக்குப் போனேன்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல்தான், வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எந்த நாள் என்று தெரிந்துகொள்வார்கள் என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. அவள் வினையைச் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். மறுநாள் கரும்பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி, அவளையே ஆசிரியர் இடத்தில் நிற்கவைத்து, அவள் ஊர்ப் பேச்சில் இது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று நம் பிள்ளைகள் வியந்து கேட்ட கேள்விகள் அரைமணி நேரத்தை விழுங்கிவிட்டன.

ஒலிகளிலும் இப்படித்தான். வங்காளத்திலும் ஒடியாவிலும் வகர ஒலி பெரும்பாலும் பகரமாகிவிடும். அகரம் ஒகரத்தின் பக்கம் சாயும். அதனால் வங்கப் பிள்ளையின் வாயில் 'வணக்கம்' முதல் நாளில் 'பொணொக்கம்' என்று வரும். இந்திப் பிள்ளைக்கு ளகரம் பிடிபட நாளாகும். ஒடியாப் பிள்ளைக்கோ அவன் மொழியிலேயே ளகரம் இருப்பதால் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ழகரம் எல்லாருக்கும் தகராறு, நம் பிள்ளைகள் பலர் உட்பட. எழுத்தில் வேறொரு சிக்கல். ககரத்துக்கு அவர்கள் மொழியில் நான்கு எழுத்து. நாம் ஒன்றை வைத்துக்கொண்டு 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறோம். எங்கே எப்படி ஒலிப்பது என்ற விதி நமக்குப் பழக்கத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லித்தான் தர வேண்டும். எண்ணுவதில் மட்டும் தமிழ் அவர்களுக்கு இனிப்பு. இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பது 'உந்தீஸ்', முப்பத்தொன்பது 'உந்தாலீஸ்' என்று போகும். தமிழில் 'இருபத்து' தெரிந்தால் மீதி தானாக வரும். தொண்ணூறில் மட்டும் தடுக்கி விழுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. இந்தப் பிள்ளைகள் ஆறே மாதத்தில் தெருவில் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். "ஏனுங்க சார், மழை வருதுங்க" என்று நம் கொங்குப் பேச்சின் 'ங்க'வோடு பேசுவதைக் கேட்டால், இனி இவனுக்கு என்ன குறை என்று தோன்றும். அங்கேதான் ஆசிரியர்கள் ஏமாறுகிறோம். பேச்சுத் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே சுமை. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி அறிஞர், அன்றாடப் பேச்சுத் திறன் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும், பாடத்தைப் புரிந்து எழுதும் மொழித்திறனுக்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று 1980களிலேயே எடுத்துக்காட்டினார். தமிழுக்கு இந்த ஆண்டுக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்தக் கலப்பு வகுப்பில் உண்மையில் பின்தங்கும் ஆபத்தில் இருப்பது உங்கள் மகள் அல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத் தமிழ் பேசும் அந்தப் பிள்ளைதான். அதைத் தாண்டுவோரும் உண்டு. 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சென்னைப் புறநகர் அரசுப் பள்ளி ஒன்றில் படித்த, பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் தமிழில் 93 மதிப்பெண் பெற்றது செய்தியானது. செய்தியாகும் அளவுக்கு அது அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்தே நான் படித்தேன்.

இனி பண்பாட்டுப் பரிமாற்றம். மேடையில் ஒரு பிள்ளைக்கு அசாமியத் தலைப்பாகை கட்டி, இன்னொன்றுக்கு வங்கச் சேலை சுற்றி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஆடவைப்பதைப் பரிமாற்றம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. பல நேரம் அந்தத் தலைப்பாகை கட்டியிருப்பது நம்மூர்ப் பையனாகவே இருக்கும். உண்மையான அசாம் பிள்ளை கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல், இரு கூட்டத்தாரை அருகருகே வைத்தால் மட்டும் பகை குறையாது, சமமான நிலை, பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பள்ளிகளில் கலந்தபோது சண்டை மூண்டது. அங்கே எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, மற்றவர் சொல்லாமல் எவரும் முழுப் பாடத்தையும் அறிய முடியாதபடி செய்தார். எனக்கு இவையெல்லாம் பணியிடைப் பயிற்சியில் காதில் விழுந்தவைதான். வகுப்பில் தற்செயலாக நடந்ததைப் பார்த்த பிறகே அவற்றின் பொருள் விளங்கியது.

அப்படித் தற்செயலாக நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். கோடையில் ஒருநாள் ஒடிசாப் பிள்ளை ஒருவன் காலையில் சாப்பிடாமல் வந்தானோ என்று கேட்டபோது, 'பகாளா' சாப்பிட்டேன் என்றான். என்னவென்று விசாரித்தால் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெங்காயம், மிளகாயோடு சாப்பிடுவது. "அட, பழைய சோறுங்க சார்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. வீட்டில் பழைய சோறு தின்பதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மாநிலமே அதைப் பெருமையாகத் தின்கிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பீகார் வீடுகளில் 'சத்து' என்றால் வறுத்த கடலை மாவு, நம் அங்கன்வாடிச் 'சத்துமாவு' அல்ல. ஆனால் இரண்டும் மாவுதான், இரண்டும் பசியாற்றும். ஜனவரி நடுவில் நாம் பொங்கல் வைக்கும்போது அவர்கள் வீட்டில் தயிரும் அவலும் எள்ளுருண்டையும். நம் பாண்டியாட்டம் அங்கே 'கித்கித்', நம் கிட்டிப்புள் அங்கே 'கில்லி தண்டா'. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபின், ஒரே தட்டு வரிசையில் உட்கார்ந்து ஒரே உப்புமாவைக் குறைசொல்லிக்கொண்டே தின்பதில் வளர்ந்த நட்பு, எந்தச் சிறப்பு நிகழ்ச்சியிலும் வளரவில்லை. ஆக, பரிமாற்றம் நடக்கிறது. வெளியூர்ப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று இருக்கும்போது, அதைக் கேட்க நமக்கு நேரம் இருக்கும்போது மட்டும் நடக்கிறது. மற்ற நேரங்களில் அவன் நம்மைப் போல் ஆகிவிடுகிறான். அதற்கு வேறு பெயர்.

நம் பள்ளிகளுக்கு இது புதிதும் அல்ல. கொங்கு நாட்டில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகள் என் முதல் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. உங்கள் மகள் இவர்களோடு பழகி இந்தி கற்றுவிடுவாள் என்று சிலர் ஆசை காட்டுவார்கள், சிலர் பயமுறுத்துவார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து சொல்லுக்கு மேல் கற்பதில்லை, அவற்றிலும் பாதி வசவு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே படிக்கும் எல்லாரும் தமிழ் படிக்கத்தான் வேண்டும். வகுப்பின் மொழி மாறிவிடாது.

இந்தப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அவர்கள் வந்துபோகும் பயணம்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அதற்கு ஆறு நாள் கழித்து வரும், பீகாரின் பெரிய பண்டிகையான சட் பூசையும் முடிந்தே தன்பாத் ரயிலில் திரும்புவார்கள். வகுப்பில் மூன்று வாரம் காலியாக இருக்கும். செங்கல் சூளைக்கு வரும் மேற்கு ஒடிசாக் குடும்பங்கள் மழை ஓய்ந்தபின் வந்து மே, ஜூனில் கிளம்புவதால், இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதி ஆண்டுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, ஒரே வாரத்தில் என் வகுப்பில் எட்டு இடங்கள் காலியாயின. மூன்று பேர் திரும்பவே இல்லை. இவர்களைச் சேர்க்கும்போது மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆண்டு நடுவில் வந்தார்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5, 14, 15ஆம் பிரிவுகள் தெளிவாகச் சொல்கின்றன. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வந்த பிள்ளைகளை நான் சேர்த்திருக்கிறேன். தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதை மட்டும் சட்டம் 'இயன்றவரை' என்ற சொல்லோடு விட்டுவிட்டது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்களைப் பள்ளியிலேயே அமர்த்தி, அவர்கள் மொழியிலிருந்து படிப்படியாக மலையாளத்துக்குக் கொண்டுவந்தது. அந்த 'இயன்றவரை' எவ்வளவு தூரம் இயலும் என்பதற்கு அது ஒரு சான்று.

மகளை மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; எந்தப் பெற்றோரும் பிள்ளையை வைத்துச் சமூகச் சோதனை செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் வகுப்பில் 15 பேர் வெளியூரார் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், அது மாற்றப் போதுமான காரணம் அல்ல என்பது என் கருத்து. ஆசிரியர் இல்லை, மகள் மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தடங்கலின்றிப் படிக்கவில்லை, இரண்டிலக்கக் கழித்தல் வரவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது இந்தப் பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போய், அந்த 15 பிள்ளைகளின் தாய்களில் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். என் பள்ளியில் பல ஆண்டுகள் ஒருவர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அவர்கள் ஒன்றரை ஷிப்ட்டில் செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டினோம், பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முதலில் கேட்டது, நீங்கள் இங்கே கேட்டிருக்கும் இதே கேள்வியைத்தான்: இத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே என் மகள் படிப்பு பின்தங்கிவிடுமா, சார்?